பச்சைக் கோப்பை

சுபாஷினியின் வீட்டில் சத்தம் போடுவது பிரிட்ஜ் ஒன்றுதான். வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடி. அப்பா தயாபரன் வங்கியில் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பேப்பரை மடித்தாலும் சத்தம் வராமல் மடிப்பார். அம்மா ரதிக்குக் கோபம் வந்தால் நடை இன்னும் மெதுவாகும். அந்த வீட்டில் ஒருவரும் ஒருவரை ஏசியது கிடையாது. ஏதாவது பிடிக்காமல் போனால் அதைப் பற்றிய கதை நின்றுவிடும். பெரிய மாமா கலியாணம் முடித்த விதம் பிடிக்காமல் போனபோது பெரிய மாமாவைப் பற்றிய கதை நின்றது. சுவரில் இருந்த அவருடைய படம் மட்டும் அப்படியே இருந்தது.

இதற்குள் வளர்ந்ததாலோ என்னவோ, கதைக்காமல் இருக்கத் தெரிந்த ஒருவனைத்தான் அவளுக்குப் பிடித்தது.

ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டுக் கணக்கியல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். புஷ்பராஜும் அதே வகுப்பு. கொட்டாஞ்சேனையிலிருந்து 155 பஸ்ஸில் வருவான். அடுத்த கதிரையில் இருந்தும் வெகு நாட்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருநாள் பாடம் நடக்கும்போது கரன்ட் போனது. வகுப்பே கூச்சல் போட்டது. அவன் தன் போன் வெளிச்சத்தை எடுத்து, ஒன்றும் சொல்லாமல், அவளுடைய தாளின் மேல் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் கணக்கை முடித்தாள். ஆரம்பம் அவ்வளவுதான்.

அதன்பிறகு வகுப்பு விட்டதும் இருவரும் தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக் கற்களில் போய் இருப்பார்கள். பாணந்துறைப் பக்கம் போகும் ரயில் முதுகுக்குப் பின்னால் தடதடத்துக் கடந்துபோகும். பேச வேண்டும் என்று தோன்றாது. அவள் மடியில் கதைப் புத்தகம் திறந்திருக்கும். அவன் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பான். பக்கத்தில் யாரும் இல்லாதபோது இருக்கும் அமைதியும், பக்கத்தில் அவன் இருக்கும்போது இருக்கும் அமைதியும் ஒன்றல்ல என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அதற்கு மேல் அவள் அதை அலசிப் பார்க்கவில்லை.

அவனுடைய வீட்டுக்கு அவள் முதலில் போனாள். கொட்டாஞ்சேனையில் ஒரு தோட்டத்து வீடு. தோட்டம் என்றால் மரம் செடி இல்லை. ஒரே குழாயைப் பங்கு போட்டுக்கொள்ளும் வரிசை வீடுகள். அப்பா வேலுசாமி புறக்கோட்டையில் மூட்டை ஏற்றி இறக்கும் நாட்டாமை. அம்மா மயிலம்மா கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பவள். மலையகத்தில், பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அந்த வீட்டில் டீவியும் ஓடியது, ரேடியோவும் ஓடியது, இரண்டுக்கும் மேலால் வேலுசாமி யாருக்கோ போனில் சிங்களத்தில் கத்திக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு இமெல்டா கேட்காமலே உள்ளே வந்து, சட்டியைத் திறந்து பார்த்து, உப்புக் குறைவு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மயிலம்மா பால் விடாத பிளேன்டீ குடித்துக்கொண்டு நின்றாள். பாதி குடித்தவள், சுபாஷினி வாசலில் நிற்பதைக் கண்டு, மிச்சத்தை அப்படியே அவள் கையில் கொடுத்தாள்.

“இந்தா புள்ள, சூடா இருக்கு, குடி. வெயில்ல வந்திருக்கே.”

அடுத்த நிமிடம் இடியப்பத் தட்டைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். சுபாஷினி கோப்பையைப் பார்த்தாள். விளிம்பில் வாய் பட்ட ஈரம் இருந்தது. இன்னொருவர் வாய் வைத்ததை அவள் பிறந்ததிலிருந்து குடித்ததில்லை. அம்மா குடித்ததைக்கூட. குடித்தாள். சீனி அதிகம். திரும்பி வரும்போது, பஸ்ஸில், ஏனென்று தெரியாமல் கண் கலங்கியது.

பிறகு யாரோ அவர்களைக் கடற்கரையில் கண்டிருக்கிறார்கள். யார் என்று அம்மா சொல்லவில்லை. இரவுச் சாப்பாட்டில் கறியை நகர்த்தி வைத்துவிட்டு, உன்னோடு படிக்கிற பெடியன் ஆர் என்று மட்டும் கேட்டாள். சுபாஷினி பெயரைச் சொன்னாள். அப்பா சோற்றைப் பிசைந்தபடி, ஞாயிற்றுக்கிழமை வரச் சொல், பார்ப்பம் என்றார். குரலில் ஒன்றும் இல்லை.

பார்ப்பம் என்றால் என்ன என்பது அவளுக்கு விளங்கியது. அந்த ஞாயிறு சரியாகப் போனால் கற்களில் ஒளிந்து இருக்கத் தேவையில்லை. பிழையாகப் போனால் அவனைப் பற்றிய கதையும் நின்றுவிடும். வர யோசித்த புஷ்பராஜிடம் அவள் தைரியம் சொன்னாள். “எங்கட வீட்டில ஒருத்தரும் உங்கள ஒண்டும் சொல்லமாட்டினம்” என்றாள். அது உண்மையாகவே நடந்தது.

ஞாயிறு பின்னேரம் அவன் இஸ்திரி போட்ட சேர்ட்டோடு வந்தான். ஒரு சீப்பு ஆனைவாழைப்பழம் கொண்டுவந்திருந்தான். ரதி இரண்டு கையாலும் வாங்கி மேசையில் வைத்தாள். இருங்கோ தம்பி என்றாள். மின்விசிறி அவன் பக்கம் திருப்பப்பட்டது. தயாபரன் படிப்பைப் பற்றிக் கேட்டார், பரீட்சை எப்போது என்று கேட்டார். அவன் நன்றாகப் பதில் சொன்னான். அவர் தலையாட்டியதைப் பார்த்தபோது சுபாஷினிக்கு மூச்சு சற்று இலகுவானது.

“தம்பி இப்ப இருக்கிறது எவடம்?”

“கொட்டாஞ்சேனை, அங்கிள்.”

“அது சரி. சொந்த இடம்?”

“பொகவந்தலாவ. அப்பா சின்ன வயசுல இங்க வந்துட்டாரு. புறக்கோட்டையில நாட்டாமை வேலை.”

“ஆ” என்றார் தயாபரன்.

அந்த ‘ஆ’ நீளவுமில்லை, இறங்கவுமில்லை. மரியாதையான ‘ஆ’. அதன்பிறகு அவர் வெளியே பார்த்தார். மழை வரும்போலிருக்கு என்றார். ரதி மகளைப் பார்த்தாள்.

“தேத்தண்ணி ஊத்து பிள்ளை.”

சுபாஷினி குசினிக்குள் போனாள். தண்ணீர் கொதித்தது, சாயம் இறங்கியது, பாலைக் கலந்தாள். மனதுக்குள் அப்பாவின் ‘ஆ’வைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். அது நல்லதா, கெட்டதா? கைகள் தம்பாட்டில் வேலை செய்தன. அப்பாவுக்குச் சீனி இல்லை, அம்மாவுக்கு அரைக் கரண்டி. தட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்து முதலில் விருந்தாளிக்கு நீட்டினாள்.

நீட்டிய பிறகுதான் கண்டாள்.

தட்டத்தில் ரோசாப்பூப் போட்ட பீங்கான் கோப்பை இரண்டு இருந்தது. அவற்றுக்குப் பக்கத்தில் பச்சை எனாமல் கோப்பை ஒன்று இருந்தது.

அந்தக் கோப்பை குசினியில் இருப்பதில்லை. பின்பக்க பால்கனியில், விளக்குமாற்றுக்கு மேலே உள்ள சீமெந்துத் திட்டில் கவிழ்த்து வைத்திருக்கும். உடுப்புத் தோய்க்க வரும் மனுசிக்கு அது. குழாய் திருத்த வருபவருக்கு அது. குடித்து முடித்தவர்கள் தாங்களே கழுவித் தாங்களே கவிழ்த்து வைப்பார்கள். யாருக்கு எந்தக் கோப்பை என்று ரதி மகளுக்கு ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை. அதைச் சொல்வது நாகரிகமில்லை. கரன்ட் போனாலும் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று கை அறிவதுபோல, சுபாஷினியின் கை அதை அறிந்திருந்தது. அப்பா ‘ஆ’ என்றதும் அவளுக்கு விளங்க முதல் கைக்கு விளங்கிவிட்டது. அவள் பால்கனிக் கதவைத் திறந்திருக்க வேண்டும். எட்டி எடுத்திருக்க வேண்டும். ஒன்றும் நினைவில்லை.

ரதி கோப்பையைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஏதோ தளர்ந்தது. கவலைப்பட்டுக்கொண்டிருந்த ஒரு காரியம் தன்பாட்டில் முடிந்துவிட்டதைப் போல.

தட்டத்தைப் பின்னால் இழுக்கலாம். மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். தன்னுடைய கோப்பை இது என்றாவது சொல்லலாம். சுபாஷினி அப்படியே நின்றாள். புஷ்பராஜ் கோப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எடுத்தான். அவசரமில்லாமல் குடித்தான். தயாபரன் மழையைப் பற்றி இன்னும் சொன்னார்.

குடித்து முடித்ததும் அவன் எழுந்தான். கோப்பையை மேசையில் வைக்கவில்லை. குசினி வாசலில் நின்றவளிடம் வந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டான்.

“பின்னாடிதானே வைக்கணும்?”

அவள் பதில் சொல்ல முதல் அவளைக் கடந்து போனான். பால்கனிக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு எனாமல் சீமெந்தில் படும் சின்னச் சத்தம். வந்தான், போயிட்டு வாரேன் ஆன்ட்டி என்றான், செருப்பைப் போட்டான்.

கதவைச் சாத்திவிட்டு வந்து ரதி பழச்சீப்பை எடுத்துக் கூடைக்குள் வைத்தாள்.

“நல்ல பிள்ளை. ஒழுங்கு தெரிஞ்ச பிள்ளை” என்றாள்.

சுபாஷினிக்கு அழுகை வரும் என்றிருந்தது. வரவில்லை. அறைக்குள் போய்ப் புத்தகத்தைத் திறந்தாள். எழுத்துகள் எழுத்துகளாக மட்டும் நின்றன. வீடு சேர்ந்துவிட்டதாக அவனிடமிருந்து வழக்கம்போலச் செய்தி வந்தது. அவளும் வழக்கம்போல ஓம் என்று போட்டாள்.

அவன் வகுப்புக்கு வந்தான். கற்களுக்கும் வந்தான். ஆனால் கதைக்கத் தொடங்கியிருந்தான். பஸ் கட்டணத்தைப் பற்றி, கிரிக்கெட்டைப் பற்றி, வகுப்பு மாஸ்டரின் தலைமுடியைப் பற்றி. ஒரு நிமிடம் இடைவெளி விழுந்தாலும் எதையாவது எடுத்துப் போட்டு நிரப்பினான். அவள் சிரித்தாள். பதில் சொன்னாள். மடியில் இருந்த புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தாள். அந்த நாளைப் பற்றி இருவருமே ஒன்றும் சொல்லவில்லை. தன் வீட்டில் கதை நின்றுபோவதுபோல இங்கேயும் ஒன்று நின்றுபோனதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை அவளாகவே கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினாள். என்ன சொல்லப் போகிறாள் என்று தெரியாது. மயிலம்மாவின் அடுப்படியில் ஒரு மூலையில் குந்தி இருந்தால் போதும் என்று பட்டது. பாதி குடித்த கோப்பை ஒன்றை யாராவது கையில் திணித்தால் போதும்.

மயிலம்மா அவளைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். டீவியை நிறுத்தினாள். “வாங்க, வாங்க” என்று சொல்லி, கதிரையைச் சேலைத் தலைப்பால் துடைத்து இழுத்துப் போட்டாள். வேலுசாமி போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அந்த வீட்டில் இப்படி ஓர் அமைதியை அவள் கேட்டதில்லை.

மயிலம்மா கண்ணாடி அலுமாரியைத் திறந்து, கலியாண வீட்டில் யாரோ கொடுத்த கோப்பை ஒன்றை எடுத்தாள். ஒட்டியிருந்த விலைத்துண்டைச் சுரண்டினாள். கழுவினாள், துடைத்தாள், மறுபடி கழுவினாள். சோசரில் வைத்து, பக்கத்தில் மாரி பிஸ்கட் அடுக்கிக் கொண்டுவந்து வைத்தாள். அவள் முகத்தில் கோபம் தேடியும் கிடைக்கவில்லை. மரியாதைதான் இருந்தது. முன்பு கொள்ளுப்பிட்டிப் பணக்கார வீடுகளில் வேலை செய்த காலத்தில் பழகிய மரியாதை.

சீனி அளவாக இருந்தது. சுபாஷினி குடித்தாள். கழுவ எழுந்தபோது மயிலம்மா கோப்பையை வாங்கிக்கொண்டாள்.

“வைங்க, நீங்க ஏன்.”

புஷ்பராஜ் பஸ் நிறுத்தம் வரை கூட வந்தான். வழியில் அவன் எதையும் நிரப்பவில்லை. பழைய அமைதி திரும்பி வந்ததுபோல் இருந்தது, ஆனால் அது பழையது இல்லை.

“நான் வேணுமெண்டு செய்யேல்ல” என்றாள் அவள்.

“தெரியும்.”

“பிறகு?”

“வேணும்னு செஞ்சிருந்தா சண்ட போட்டிருப்பேன், சுபா. ரெண்டு நாள்ல சரியாயிருக்கும்.” பஸ் வரும் திசையைப் பார்த்தான். “சின்ன வயசுல அம்மா கூட வேலை வீடுகளுக்குப் போவேன். அந்த மாதிரி கப் எனக்குப் புதுசு இல்ல. எங்க போய்ட்டு வந்தாலும் அம்மா மொதல்ல அதைத்தான் கேக்கும், எதுல குடுத்தாங்கன்னு. பொய் சொல்ல வரல.”

“நான் குடுத்ததெண்டு சொன்னீங்களா?”

“அதையும் கேட்டுச்சு.”

155 வந்தது. வகுப்பில பாப்பம் என்றான். அவள் ஏறினாள். கண்ணாடிக்கு வெளியே அவன் சிறுத்துக்கொண்டு போனான்.  அவளுக்கு மரத்துப்போன காலில் யாரோ தட்டுவதுபோல இருந்தது; தட்டுவது தெரிந்தது, வலி தெரியவில்லை. முன் இருக்கையில் ஒரு குடும்பம் ஒரே போத்தல் தண்ணீரைக் கைமாற்றிக் குடித்துக்கொண்டு வந்தது. அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

வீட்டில் அப்பா பேப்பரோடு இருந்தார். அம்மா முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். சுபாஷினி பின்பக்க பால்கனிக்குப் போனாள். பச்சைக் கோப்பை கவிழ்ந்திருந்தது. எடுத்து வந்து, அம்மாவுக்கு முன்னாலேயே, தேத்தண்ணி ஊற்றிக் குடித்தாள். வேறு சுவை இல்லை. தேத்தண்ணி தேத்தண்ணியாகத்தான் இருந்தது. ரதியின் கத்தி ஒருமுறை நின்று, பிறகு வெட்டத் தொடங்கியது.



அடுத்த நாள் காலை மகளுக்குரிய தேத்தண்ணியை ரதி மேசையில் கொண்டுவந்து வைத்தாள். பச்சைக் கோப்பையில் வைத்தாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. கோபமா, தண்டனையா, உனக்கு வேண்டுமென்றால் இருக்கட்டும் என்ற விட்டுக்கொடுப்பா என்று அந்த முகத்தில் படிக்க முடியவில்லை. சுபாஷினி ஒவ்வொரு காலையும் அதில் குடித்தாள். வகுப்பில் புஷ்பராஜ் இப்போது முன்வரிசையில் இருந்தான். கண்டால் இருவரும் சிரிப்பார்கள். அவள் கற்களுக்குத் தனியாகப் போய்ப் பார்த்தாள், பிறகு போகவில்லை.

ஒரு காலை, குடித்து முடித்துக் கழுவியவள், எதையும் நினைக்காமல் பால்கனிக் கதவைத் திறந்து, கோப்பையைத் திட்டில் வைக்கப் போனாள். விளக்குமாற்றுக்கு மேலே, அதே இடத்தில், நீல நிறத்தில் புதிய எனாமல் கோப்பை ஒன்று கவிழ்ந்திருந்தது.

கையில் ஈரக் கோப்பையோடு அவள் அங்கேயே நின்றாள். கீழே ரயில் ஒன்று போனது. உள்ளே பிரிட்ஜ் இரைந்துகொண்டிருந்தது.