இடது முழங்கால்

மூன்று மணி பத்து நிமிடத்துக்கு மச்சான் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். பின்னாலேயே அவன் மகள், நொண்டாமல் நடக்கப் படாத பாடு பட்டுக்கொண்டு.

"கையெழுத்துப் போட்டாச்சா மாப்ளே? நாலு மணிக்குள்ள அனுப்பணும்."

பயிற்சியாளர் இன்னும் போடவில்லை. படிவம் காலையிலிருந்து மேசை மேல் கிடந்தது. வெளிநாட்டில் அவர் பதினோரு வருடம் ஆடிய அதே கால்பந்து கிளப், அவரிடம் பயிற்சி பெறும் இந்த இருபது வயதுப் பெண்ணைத் தேர்வுக்கு அழைத்திருந்தது. எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டார். ஒன்றுதான் பாக்கி. பயிற்சியாளர் அறிந்தவரை காயம் ஏதேனும் உண்டா?

உண்டு. வலது கணுக்கால். இன்று காலை கட்டுப் போட்டுவிட்டதே அவர்தான்.

மைதானத்துக் கேலரிக்கு அடியில் இருந்தது அந்த அறை. கூரை படிப்படியாக இறங்கும். பின்சுவருக்குக் குனிந்துதான் போக வேண்டும். அங்கே அவருடைய படம் மாட்டியிருந்தது, நீலச் சட்டையில். மாட்டியவன் மச்சான். அதைப் பார்க்க யாரும் குனிவதில்லை என்பது அவருக்கு ஓர் ஆறுதல்.

"இல்லைன்னு போடுங்க மாமா," என்றாள் அவள். "ரெண்டு சாக்ஸ் போட்டுக்கறேன். அப்பா சொல்லிக் குடுத்துட்டாரு."

"பரம்பரைத் தொழில்," என்றான் மச்சான். "ரெண்டு சாக்ஸ் போட்டும் மாட்டினவன் நான். அனுபவசாலி."

"தெரிஞ்சிடும்மா," என்றார் அவர். "மறைச்சு மாட்டினா அன்னைக்கே மூட்டையைக் கட்டச் சொல்லிடுவாங்க. முன்னாடியே சொல்லிட்டா ஆறு வாரம் கழிச்சு வான்னுவாங்க."

"கழிச்சு வான்னுவாங்களா, வராதேன்னுவாங்களா?"

அது அவருக்குத் தெரியாது.

"அந்தக் கிளப் டாக்டருங்க கண்ணுல மண்ணைத் தூவ முடியாதும்மா. உங்கப்பாவுக்கு என்ன ஆச்சுன்னு கேளு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். மச்சானுக்கு அது போதும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"அந்த டாக்டரு மனுஷனே இல்ல, எக்ஸ்ரே மெஷின். நானும் மாப்ளேயும் ஒண்ணாத்தான் தேர்வுக்குப் போனோம். எடுக்கப்போறது ஒரே ஒருத்தனை. மத்தவனுக்கெல்லாம் நாடி பாத்தாரு, முதுகைத் தட்டினாரு. நான் போய்ப் படுத்ததுதான் தாமதம், நேரா இடது முழங்கால்ல கட்டைவிரலை வச்சு ஒரு அமுக்கு. கூரைக்கே எகிறிட்டேன்!"

இருபத்தாறு வருடமாகச் சொல்கிறான். டயர் கடையில் சொல்வான், கல்யாண வீட்டில் சொல்வான். சொல்லச் சொல்ல அந்த டாக்டர் மகானாகிக்கொண்டே போனார். 'நான் ஆடலைன்னா என்ன, ஆடுறவன் நம்ம வீட்டுலயே இருக்கட்டும்' என்று தங்கையைக் கட்டிக் கொடுத்தவனும் அவன்தான்.

டாக்டர் ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. தன் சோதனை முடிந்து சட்டையை மாட்டும்போது, யாரும் கேட்காமலேயே, இவர்தான் தன் முழங்காலை டாக்டருக்குத் தொட்டுக் காட்டினார். வாசலில் காத்திருந்த மச்சானை நோக்கித் தலையை அசைத்தார். 'இடது' என்றார். அந்த ஊர் மொழியில் அவருக்கு அப்போது இருபது சொற்கள்கூடத் தெரியாது. மைதானத்துக்குத் தேவை என்று கற்று வைத்திருந்தவற்றில் அது ஒன்று.

பிறகு இருநூற்றுப் பதினான்கு ஆட்டங்கள். பக்கத்தில் ஓடுகிறவன் 'இடது' என்று கூவும்போதெல்லாம் அவருக்குக் கால் ஒரு நொடி பிந்தும். வேகம் போதவில்லை என்று பத்திரிகையில் எழுதினார்கள்.

இப்போது அதே டாக்டரைக் காட்டி இந்தப் பெண்ணைப் பயமுறுத்துகிறார். சொல்வது என்னவோ அவள் நல்லதுக்குத்தான். காது மடல் சுட்டது.

பேனாவை எடுத்தார். முனை 'உண்டு' என்ற கட்டத்துக்கு மேலே நின்றது.

அவள் குனிந்து கணுக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"ஏம்பா, மத்தவங்களுக்கு முழங்காலே பாக்கலையா?"

"பாக்கல. அதத்தானே சொல்றேன்."

"அப்போ யாரோ சொல்லியிருக்காங்க."

"யாரு சொல்லுவா? ஈ காக்காவுக்குத் தெரியாது. கட்டுப் போட்டதே மாப்ளேதான்."

மச்சான் சிரித்தான். சிரிப்பை முடிக்கவில்லை.

அவள் நிமிர்ந்தாள்.

"அப்பாவுக்கு முன்னாடி உள்ள போனது யாரு மாமா, நீங்களா?"