ஷாமா குலவையிடும் நேரம்

தேநீர்க் கெண்டி மூன்றாம் முறை அடுப்பில் ஏறியபோதும் கூடாரத்தில் அதே பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. சமையல்கட்டில் இருந்த பெண்கள் ஆறு பேரும் கை வேலையை நிறுத்திவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னுமா முடிக்கல?" என்றாள் ஸூஹ்ரா. "நான் மாவு பிசையறப்ப ஆரம்பிச்சாங்க. ரொட்டி வெந்து ஆறியே போச்சு."

"முடிக்கச் சொல்ல ஆள் வேணாமா? சொல்றவ இங்க வெங்காயம் உரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா" என்றாள் இன்னொருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். ஷாமா சிரிக்கவில்லை. வெங்காயத்தை இரண்டாகப் பிளந்து தண்ணீரில் போட்டாள். அவளுடைய காது கூடாரத்தில் இருந்தது.

ஸஃப்ஸாஃப் மலையூரின் குழல்காரர்களுக்கு ஒரு பாட்டைத் தொடங்கத் தெரியும், அதை மலையுச்சிவரை ஏற்றத் தெரியும். முடிக்கத் தெரியாது. முடிப்பது அவர்களுடைய வேலையாக ஒருநாளும் இருந்ததில்லை. வெள்ளிக்கிழமைத் தொழுகை கலைந்ததும் ஸீதி ஹர்ராஸ் என்ற மகான் அடங்கியிருக்கும் இடத்தின் முற்றத்தில் மனம் கலங்கியவர்களைக் கொண்டுவந்து உட்காரவைப்பார்கள். எதிரே பன்னிரண்டு பேர் நிற்பார்கள். எட்டுப் பேர் கையில் கைத்தாக் குழல், நான்கு பேர் தோளில் முரசு. கன்னத்தில் காற்றை அடக்கி, மூக்கால் இழுத்து, இடைவெளியே இல்லாமல் ஊதுகிறவனுக்குக் கண் தானாகச் சொருகிவிடும். எதிரே இருப்பவருக்கு என்ன ஆகிறது என்று அவனுக்குத் தெரியாது. அதைப் பார்ப்பதற்கு நோயாளியின் பக்கத்தில் முக்காலி போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். ஏதோ ஒரு நொடியில் நோயாளியின் முகத்திலிருந்து ஒன்று கழன்று விழும். அப்போது அவள் குலவையிடுவாள். குலவை கேட்டதும் முரசு மூன்று அடி அடித்து நிற்கும்.

இருபத்திரண்டு வருஷமாக அந்த முக்காலி ஷாமாவுடையது.

ஜூன் மாதத்தில் வெளிநாட்டுக்காரர்கள் வரத் தொடங்கி ஏழு வருஷம் ஆகிறது. ஐம்பது பேர், பத்துப் பன்னிரண்டு நாடுகள். ஊர் வீடுகளில் தங்கி, ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, இரண்டு நாள் பாட்டுக் கேட்டுப் போவார்கள். முன்பெல்லாம் பெண்களும் கூடாரத்தின் ஒரு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். போன வருஷம் யாரோ ஒரு விருந்தாளி எடுத்த படம் கைபேசி கைபேசியாகச் சுற்றி, கீழே டவுன் சந்தைக்கே வந்துவிட்டது. வாயை அகலத் திறந்து ஷாமா குலவையிடும் படம். புதினாக்கட்டு விற்கிறவன் அதை அவளுடைய அண்ணன் லயாஷியிடமே காட்டி, "இது உங்க வீட்டுப் பொண்ணுதானே?" என்று கேட்டான்.

லயாஷி குழல்காரர்களின் தலைவன். இந்த வருஷம் பெண்கள் கூடாரத்துப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டான். ஏன் என்று ஷாமா கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் அந்தப் படத்தைப் பற்றிப் பேச வேண்டியிருந்திருக்கும். அதை அவன் வாயிலிருந்து கேட்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

பாட்டு இரண்டேகால் மணி நேரம் ஓடியது. கடைசியில் அதை முடித்தது பூஸெல்ஹாமின் முரசுத் தோல். டப்பென்று கிழிந்தது. விருந்தாளிகள் எழுந்து நின்று கை தட்டினார்கள். இப்படித்தான் முடியும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை லயாஷி தங்கையின் முற்றத்துக்கு வந்தான். கீழுதடு வெடித்திருந்தது. பின்னாலேயே கையில் துணி சுற்றிக்கொண்டு பூஸெல்ஹாமும் வந்தான். ஷாமா இருவருக்கும் அவரைப் பருப்புக் கூழை ஊற்றி, மேலே ஆலிவ் எண்ணெயை விட்டுக் கொடுத்தாள். லயாஷி வாயில் வைத்ததும் உதடு எரிந்து முகத்தைச் சுளித்தான்.

"தலைவருக்குச் சூடு ஆகாது" என்றான் பூஸெல்ஹாம். "நேத்து எத்தனை தடவ என்னைப் பாத்தாரு தெரியுமா அக்கா? நான் முடிப்பேன்னு அவரு பாக்க, அவரு முடிப்பாருன்னு நான் பாக்க. ரெண்டு கழுதை ஒரு பாலத்துல நின்ன கதைதான்."

"வாய மூடுறா."

"நான் மூடிட்டேன். தோலுதான் தொறந்துக்கிச்சு."

ஷாமா வெளுத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். உள்ளறையில் அவள் வீட்டு விருந்தாளி மார்கிட் எழுந்துவிட்ட சத்தம் கேட்டது. டென்மார்க்கில் பெரிய இசையரங்கு ஒன்றைப் பார்த்துக்கொள்பவள். இரண்டு நாளாக ஷாமாவும் அவளும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் சாப்பிட்டார்கள். பொதுவாக ஒரு மொழி இல்லாதது இருவருக்கும் சௌகரியமாகவே இருந்தது.

லயாஷி குரலைத் தாழ்த்தினான். "இந்த அம்மா மொழிபெயர்க்கிறவன் மூலமா நேத்து என்கிட்டக் கேட்டுச்சு. எங்க ஊரு அரங்குல ஒரு மணி நேரம் தருவோம், அதுக்குள்ள முடிப்பீங்களான்னு. முடிப்போம்னு சொல்லிட்டேன். இன்னிக்கு அஞ்சு மணிக்கு ஆரம்பிக்கிறோம். ஆறு மணிக்கு நான் காலைத் தட்டுவேன். நீ கூடாரத் துணிக்குப் பின்னாடி நின்னு குலவை போடு."

"துணிக்குப் பின்னாடி நின்னா முகம் தெரியாதே."

"யாரு முகம்? அங்க யாருக்குப் பைத்தியம்? எல்லாரும் விமானம் ஏறி வந்தவங்க."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

பூஸெல்ஹாம் கூழுக்குள் சிரித்தான். லயாஷி மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தான். ஏழு வருஷத்தில் அவனுக்கு வந்த பழக்கம் அது. கழிப்பறைக்குத் தண்ணீர் லாரி எப்போது, கூடாரக்காரன் எப்போது, மாகாண அலுவலகத்து அனுமதி எப்போது என்று எல்லாம் அந்த மணிக்கட்டில்தான் இருந்தது.

"சரி, முன்னாடியே உக்காரு" என்றான் கடைசியில். "முக்காலியப் போட்டுக்க. ஆனா நான் காலைத் தட்டுனதும் போடணும். ஐம்பது பேரு முன்னாடி, அந்த அம்மா முன்னாடி நீ கெடுத்தேன்னு வை, வெள்ளிக்கிழமையும் அந்த முக்காலி உனக்கில்ல. ஸூஹ்ராவுக்குக் குடுத்துடுவேன். சொல்லிட்டேன்."

ஷாமா கடைசித் துணியை நான்காக மடித்து அடுக்கின் மேல் வைத்தாள். பெண் பேசாமலிருந்தால் ஒத்துக்கொண்டாள் என்றுதான் ஆண்கள் எடுத்துக்கொள்வார்கள். லயாஷியும் அப்படியே எடுத்துக்கொண்டு போனான்.

ஐந்து மணிக்கு வெயில் ஆலிவ் மரங்களின் பக்கம் சாய்ந்திருந்தது. ஷாமா சிவப்புக் கோடு போட்ட இடுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு, கூடாரத்துக்கு நடுவில், இசைக்காரர்களுக்கு வலப்பக்கமாக, விருந்தாளிகளைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். ஏழெட்டுக் கைபேசிகள் அவள் பக்கம் திரும்பின. அவள் அவற்றைப் பார்த்தாள். ஒன்றிரண்டு கீழே இறங்கின. மற்றவை இறங்கவில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

எட்டுக் குழல்களும் ஒன்றாக எழுந்தன. அந்தச் சத்தத்தை முதலில் கேட்கிறவர்கள் பின்னால் சாய்வார்கள். காதால் கேட்கிற சத்தமல்ல அது, நெஞ்செலும்பில் விழுவது. பிறகு மெல்ல முன்னால் சாய்வார்கள். ஷாமா முகங்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். தாடிக்காரன் ஒருவன் முதல் ஐந்து நிமிஷத்திலேயே தலையை ஆட்டத் தொடங்கினான். அவன் வரும்போதே ஆடத் தீர்மானித்து வந்தவன். பக்கத்தில் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தான் எப்படித் தெரிகிறோம் என்ற நினைப்பிலேயே இருந்தாள். மார்கிட் அழுதாள். அரைமணி நேரத்தில் கண்ணீர் தாடைவரை வந்துவிட்டது.

முரசு வரிசையின் கடைசியில் நின்றவன் அதைப் பார்த்துவிட்டு ஷாமாவுக்குக் கண்ணைக் காட்டினான். இது போதாதா?

போதாது. அழுகை வாசல்படிதான், உள்ளே இன்னும் அறைகள் உண்டு என்று ஷாமாவுக்குத் தெரியும். அழுகையோடு விடப்பட்ட நோயாளிகள் அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்திருக்கிறார்கள்.

ஆறு மணி ஆகியிருக்க வேண்டும். லயாஷி காலைத் தட்டினான்.

ஷாமா அசையவில்லை.

அவன் மறுபடியும் தட்டினான். செருப்பின் அடி பாயில் பட்டுப் புழுதி எழுந்தது. பூஸெல்ஹாம் புதுத் தோல் கட்டிய முரசுக்கு மேலே அவளைப் பார்த்தான். அவன் கையில் சுற்றிய துணி மீண்டும் சிவந்திருந்தது. மூன்றாவது முறை லயாஷி மிதித்த மிதியில் பக்கத்துக் குழல்காரனே திரும்பிப் பார்த்தான்.

குலவையிடுவது எளிது. நாக்கை அசைத்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அரங்குக்காரிக்கு ஒரு மணி நேரக் கணக்கு சரியாக இருக்கும், அண்ணன் முகம் கோணாது, வெள்ளிக்கிழமை முக்காலி அவளுக்கே இருக்கும். இங்கே யார் கேட்கப்போகிறார்கள்? பாதி வெந்த ரொட்டியையும் பசித்தவன் தின்பான். ஷாமா நாக்கை மேலண்ணத்தில் வைத்தாள். திரும்ப எடுத்தாள். முகங்களுக்கு மறுபடியும் போனாள். முதல் வரிசை, இரண்டாம் வரிசை, கூடாரக் கம்பத்தில் சாய்ந்திருந்தவர்கள். ஒன்றும் இல்லை. ஒருவேளை அண்ணன் சொன்னதுதான் சரியோ, இங்கே நோயாளியே இல்லையோ என்று முதல்முறையாகப் பயம் வந்தது. அப்படியானால் இந்தப் பாட்டுக்கு முடிவே கிடையாது. அவள் பிடிவாதத்தால் ஒரு ஊரே ஊதிச் சாக வேண்டியதுதான்.

அப்போதுதான் கால் தட்டும் சத்தம் நின்றுபோனதைக் கவனித்தாள்.

திரும்பி அண்ணனைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் பாட்டு நடக்கும்போது அவள் ஊதுகிறவர்களைப் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டியது எதிரே இருந்தது. லயாஷியின் கண்கள் பாதி மூடியிருந்தன. கடிகாரம் கட்டிய மணிக்கட்டு ஜெல்லாபா அங்கியின் கைக்குள் இழுபட்டு மறைந்திருந்தது. காலை எங்கே வைத்திருக்கிறோம் என்பதே அவனுக்கு நினைவில்லை. ஆனால் புருவத்துக்கு நடுவே அந்த முடிச்சு இருந்தது. தண்ணீர் லாரியின் முடிச்சு, அனுமதித் தாளின் முடிச்சு, புதினாக்காரன் காட்டிய படத்தின் முடிச்சு. தலைவனான நாளிலிருந்து அது அவிழ்ந்து அவள் பார்த்ததில்லை. பார்த்துப் பார்த்து அதுதான் அவன் முகம் என்றே நினைத்துவிட்டாள்.

இவன்தானா, என்று நினைத்தாள்.

முக்காலியைத் திருப்பிப் போட்டாள். ஐம்பது விருந்தாளிகளுக்கும் முதுகைக் காட்டி, அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்தாள். கூடாரம் முழுக்க ஒரு சலசலப்பு ஓடியது. பூஸெல்ஹாமுக்குப் புரிந்துவிட்டது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அடியை இரட்டித்தான். மற்ற மூன்று முரசும் அவனைப் பிடித்துக்கொண்டன. குழல்கள் இன்னொரு படி ஏறின. அவ்வளவு மேலே அந்தப் பாட்டு முற்றத்தில்கூடப் போனதில்லை.

எவ்வளவு நேரம் என்று ஷாமாவால் பின்னால் சொல்ல முடியவில்லை. வெயில் பாயின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போயிருந்தது. லயாஷியின் வெடித்த உதட்டிலிருந்து சீவாளி வழியாக ஒரு சிவப்புக் கோடு இறங்கியது. அவனுக்கு அது தெரியவில்லை. பிறகு அது நடந்தது. கயிற்றை யாரோ அறுத்ததுபோல அந்த முடிச்சு விட்டது. நெற்றி அகன்றது. வாய் ஊதிக்கொண்டிருந்தபோதே முகம் தூங்குகிறவன் முகமாகியது. யாருக்கும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியிராத ஒரு மனிதன் அங்கே நின்று ஊதிக்கொண்டிருந்தான்.

ஷாமா தலையைப் பின்னால் சாய்த்துக் குலவையிட்டாள்.

முரசு மூன்று அடி அடித்து நின்றது. குழல்கள் நின்றன. நின்ற இடத்தில் குலவை மட்டும் தனியாக மேலே போய்க்கொண்டிருந்தது. சமையல்கட்டிலிருந்து ஸூஹ்ரா அதைப் பிடித்தாள். அவளோடு மற்றவர்கள். மேட்டுத் தெரு மாடியிலிருந்து யாரோ, கிணற்றடியிலிருந்து யாரோ, மலைச்சரிவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவள்கூட. ஊரின் பெண்கள் எல்லோரும் எங்கெங்கே இருந்தார்களோ அங்கங்கே இருந்து பதில் சொன்னார்கள். அது அடங்கும்வரை கூடாரத்தில் யாரும் மூச்சுவிடவில்லை.

கை தட்டலும் வரவில்லை. வெகுநேரம் வரவில்லை. அந்த அமைதியை ஷாமா ஒரு முகத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். முற்றத்தில் நோய் இறங்கிய பிறகு வருகிற அமைதி அது. அவளுக்கு நன்றாகப் பழகியது. பிறகு ஐம்பது பேரும் ஒருசேர எழுந்தார்கள். தாடிக்காரன் பாயில் மண்டியிட்டுவிட்டான். கூடாரத் துணியே கிழிகிற மாதிரிக் கூச்சல்.

லயாஷி கண்ணைத் திறந்து, எதிரே உட்கார்ந்திருக்கும் தங்கையைப் பார்த்தான். முதலில் அடையாளம் தெரியாதவன்போலப் பார்த்தான்.

"மூணு தடவ காலைத் தட்டுனேன்" என்றான் கரகரத்த குரலில். "காது கேக்கலயா?"

"கேட்டுச்சு."

"அப்புறம் என்ன?"

"நீ வேகலண்ணே."

பூஸெல்ஹாம் முரசின் மேல் கவிழ்ந்துகொண்டு சிரித்தான். லயாஷி அவனை அதட்ட வாயைத் திறந்தான். அதட்டல் வரவில்லை. உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான், அந்தக் கையையே தங்கையின் தலையில் ஒரு நொடி வைத்தான்.

மார்கிட் மொழிபெயர்க்கிறவனை இழுத்துக்கொண்டு கூட்டத்தில் நுழைந்து வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. கையில் ஒரு சிறிய குறிப்புப் புத்தகம்.

"ஒரு மணி நேரம்னு சொன்னதை விட்டுடுங்கன்னு சொல்றாங்க" என்றான் மொழிபெயர்க்கிறவன். "சாயங்காலம் முழுக்க அரங்கு உங்களுக்குத்தானாம். பன்னிரண்டு பேர் வருவீங்கதானேன்னு கேக்கிறாங்க, பேர் எழுதணுமாம்."

லயாஷி கடிகாரத்தைத் தேடவில்லை. இசைக்காரர்களைத் திரும்பிப் பார்த்தான். பிறகு முக்காலியைப் பார்த்தான்.

"பதிமூணு" என்றான். "அவ பேரை மொதல்ல எழுதச் சொல்லு."

ஷாமாவுக்கு அது காதில் விழுந்தது. பூஸெல்ஹாமின் கையிலிருந்த ஈரத் துணியை அவிழ்த்து, தன் இடுப்புத் துணியின் ஓரத்தைக் கிழித்து, புதிதாகச் சுற்றிக் கட்டினாள்.

"இன்னும் ஒரு பாட்டு பாக்கி இருக்கு" என்றாள். "தண்ணி குடிச்சிட்டு நில்லுங்க."

பன்னிரண்டு பேரும் தண்ணீர் குடித்துவிட்டு வந்து வரிசையில் நின்றார்கள்.