தம்பியின் தண்ணீர்த்தொட்டி

என் தம்பி ஒரு வேலையை உருப்படியாகச் செய்து நான் பார்த்ததில்லை. 'துரை' என்று அவனுக்குப் பட்டப்பெயர் வைத்ததே நான்தான். துரை கண் விழிக்கவே மதியம் ஆகும். அப்படிப்பட்டவன், ஊருக்கு ஒரு காலத்தில் தண்ணீர் தேக்கிவைத்திருந்த பழைய நிலத்தடித் தொட்டியைக் குத்தகைக்கு எடுத்தான். சேற்றை வாரினான், பெஞ்சு போட்டான், தூணுக்கு ஒரு விளக்கு மாட்டினான். அவ்வளவுதான். 'பூமிக்கடியில் ஓர் இசை மாளிகை' என்று பத்திரிகையில் அரைப் பக்கத்துக்குப் படத்தோடு எழுதித் தள்ளிவிட்டார்கள்.

நான் அரங்கம் கட்டுகிறவன். எதிரொலியைக் கொல்வதுதான் என் பிழைப்பு. சுவருக்குள் கம்பளி அடைத்து, கூரையைச் சாய்த்து, பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கடைசி வரிசையில் கேட்கும்படி செய்வேன். அப்படி எனக்கென்று ஓர் அரங்கம் கட்டினேன். எனக்கென்று என்ன, என் மனைவிக்காகத்தான். அவள் பாடகி. அவளுடைய பெரிய கச்சேரிகள் எல்லாம் அங்கேதான் நடந்தன. பார்க்கப் பெட்டி மாதிரி இருக்கும். அதை யாரும் படம் எடுத்ததில்லை.

போன வருஷம் அவளுக்குத் தொண்டையில் ஒரு சின்ன அறுவை சிகிச்சை. குரல் திரும்பி வந்தது, உச்சியில் ஒரு விரிசலோடு. அதற்குப் பிறகு என் அரங்கத்தில் பாடிய முதல் கச்சேரியில், உச்சஸ்தாயியில் போய் நின்ற இடத்தில் குரல் இரண்டாகப் பிளந்தது. கடைசி வரிசைவரை சுத்தமாகக் கேட்டது. என் வேலை அப்படி. வீட்டுக்கு வந்தவள் சுருதிப் பெட்டியை எடுத்து அலமாரிக்கு மேலே வைத்துவிட்டாள்.

மாதக்கணக்காக அவள் பாடவே இல்லை. ஒருநாள் துரை வந்து, "அண்ணி, பாட வேணாம், சும்மா வந்து பாத்துட்டுப் போங்க" என்று தொட்டிக்குக் கூட்டிப்போனான். திரும்பி வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"பாடினியா?"

"பாடினேங்க. உச்சிவரைக்கும் போனேன்."

"உடையலையா?"

"உடைஞ்சிருக்கும். ஆனா முன்னாடி பாடினது சுத்திட்டு வந்து அதோட சேந்துக்குது. கூட ஒரு ஆள் நின்னு பாடற மாதிரி இருந்துச்சு. பயமே வரலை."

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. வேறொரு மனுஷனைப் பற்றி அவள் அப்படிச் சொல்லியிருந்தால் ஆளைப் போய்ப் பார்த்து இரண்டு வார்த்தை கேட்டிருக்கலாம். செங்கல்லையும் ஈரத்தையும் என்ன கேட்பது? "குளியலறையில பாடினா எல்லார் குரலும்தான் நல்லாருக்கும். உன் கொழுந்தன் அதையே பெரிசா ஒண்ணு வெச்சிருக்கான்" என்றேன். அவள் சிரித்துவிட்டு, அலமாரிக்கு மேலிருந்து சுருதிப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள்.

அங்கேயே கச்சேரி என்று முடிவாயிற்று. தினமும் காலையில் காலித் தொட்டிக்குப் போய்ப் பாடிப் பழகினாள். ஒரு காலையில் நானும் பின்னாலேயே போனேன், குறை கண்டுபிடிக்கத்தான்.

படி வளைந்து வளைந்து இறங்கியது. உள்ளே வரிசை வரிசையாகச் செங்கல் தூண்கள். ஒவ்வொன்றும் உச்சியில் விரிந்து பக்கத்துத் தூணோடு தோள் சேர்த்து நின்றது. காற்றுக்காகக் கூரையில் விட்டிருந்த துளைகள் வழியாக வெளிச்சம் வட்டம் வட்டமாகத் தரையில் விழுந்துகிடந்தது. தண்ணீர் நின்ற உயரம் சுவரில் இன்னும் பச்சைக் கோடாகத் தெரிந்தது. ஒரு குறை சொல்ல முடியவில்லை. இதைக் கட்டியவன் தண்ணீருக்காகக் கட்டினான், பாட்டைப் பற்றி அவன் ஒரு நொடிகூட யோசித்திருக்க மாட்டான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நடுவில் நின்று அவள் பாடிக்கொண்டிருந்தாள். ஒரு வரி பாடுவாள், நிறுத்துவாள். அது தூண்களைச் சுற்றிவிட்டு வரும்வரை காத்திருந்து, அதன்மேல் அடுத்த வரியை வைப்பாள். உச்சிக்குப் போனபோது விரிசல் என் காதுக்குக் கேட்டது. கேட்ட மாத்திரத்தில் காணாமல் போனது. கண்ணை மூடிக்கொண்டு சிரித்தபடி பாடினாள். என் அரங்கத்தில் ஒருநாளாவது அவள் அப்படிச் சிரித்திருக்கிறாளா என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

"எப்படிண்ணே?" என்று கொட்டாவி விட்டபடி துரை வந்து நின்றான்.

"ஈரம் ஜாஸ்தி."

"டிக்கெட் மொத்தமும் போயிடுச்சு. பெஞ்சை நெருக்கிப் போடப் போறேன். எள்ளு போட்டா எள்ளு விழாது, பாரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உடம்பும் துணியும் சத்தத்தை விழுங்கும். அதனால் என் தொழிலில் யாரும் காலி அறையில் கேட்டதை நம்ப மாட்டோம். இதுவோ குளிர்காலம். கோட்டும் கம்பளிச் சட்டையுமாக அத்தனை பேர் இறங்கி உட்கார்ந்தால், நான் சுவருக்குள் அடைக்கிற கம்பளியை அவர்களே சுமந்து வந்த கணக்குத்தான். எதிரொலி பாதிக்கு மேல் செத்துவிடும். அவள் உச்சிக்குப் போய்க் காத்து நிற்பாள். துணைக்கு ஒன்றும் வராது.

நான் எதுவுமே செய்ய வேண்டாம், வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். தொட்டி அவளைக் கைவிடும், துரையின் மாளிகை சந்தி சிரிக்கும், அவள் என்னிடமே திரும்பி வருவாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டு நடந்தேன்.

சாயங்காலம் துரை வீட்டுக்கு வந்திருந்தான். அவள் கச்சேரிக்கு உடுத்தப்போகிற புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னாள்: "உச்சியில நின்னுதான் கச்சேரியை முடிக்கப் போறேன், தம்பி. இந்தத் தடவையும் உடைஞ்சா, அதோட சரி. அப்புறம் எங்கயும் பாட மாட்டேன்."

துரை, "உடையாது அண்ணி" என்றான்.

எங்கேயும் மாட்டேன் என்றால் என் அரங்கத்திலும்தானே? நான் போட்ட கணக்கில் இது இல்லவே இல்லை. அவள் புடவை மடிப்பை நீவிக்கொண்டே அந்த உச்சி வரியை மெல்ல முணுமுணுத்தாள்.

"உடையும்" என்றேன். "காலித் தொட்டியில கேட்டது கூட்டத்துல கேக்காது. பாதிப் பேரைத்தான் உள்ள விடணும்."

துரை குதித்தான். "அண்ணே, மனசத் தொட்டுச் சொல்லு. பொறாமைதானே இது? என் இடம் பேர் வாங்கினதிலிருந்து உனக்குச் சோறு இறங்கலைன்னு எனக்குத் தெரியும்."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "பொறாமையில சொல்றீங்களா, நெஜமாவே அப்படித்தானா?"

"ரெண்டும்தான்."

 அவள் துரை பக்கம் திரும்பி, "தம்பி, அவர் சொல்றபடி செய்ங்க" என்றாள்.

ஒரு கச்சேரியை இரண்டாகப் பிரித்தோம். மதியம் பாதிக் கூட்டம், சாயங்காலம் மீதி. கோட்டு, சால்வை எல்லாவற்றையும் மேலேயே கழற்றி வைத்துவிட்டு இறங்க வேண்டும். துரை முணுமுணுத்துக்கொண்டே எல்லாம் செய்தான்.

மதியக் கச்சேரிக்கு முன் அவனே என் கையைப் பிடித்து இழுத்தான். "நீயும் வாண்ணே. ஒரு ஆளால என்ன கெட்டுப்போகுது?"

"என் உடம்புக்கு நான் ஒன்றரை ஆள். போடா."

மேலே புல்தரையில், காற்றுத் துளை ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாட்டு கீழேயிருந்து புகைபோல வந்தது. அவள் உச்சிக்குப் போனபோது விரிசலைத் தேடினேன். நானே வெட்கப்படும் அளவுக்குத் தேடினேன். கிடைக்கவில்லை. சந்தோஷமாகவும் இருந்தது, எழுந்து காலடியிலிருக்கும் கூரையை மிதிக்க வேண்டும் போலவும் இருந்தது.

முதல் கூட்டம் கலைந்த பிறகு அவள் மேலே வந்தாள். முகமெல்லாம் வேர்வை. என் ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் குடித்தாள்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. முழுசா இருந்துச்சு."

"வயிறு எரியுதா?"

"எரியுது."

என் தோளில் கையை வைத்தாள். "அடுத்த மாசமும் இங்கதான் பாடப்போறேங்க" என்றாள். நான் தலையாட்டினேன். அவள் படியிறங்கிப் போனாள். இரண்டாவது கூட்டம் வந்து வரிசையில் நின்றது. நான் எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டு, கோட்டைக் கழற்றச் சொல்லி ஒவ்வொருவரிடமும் கையை நீட்டினேன்.