எஞ்சின் பக்கத்தில் வைத்த பை

பஸ் ஓட்டுகிற அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் சொன்னால் சொன்னதுதான். "நாலு நாள் காட்டுல, ஃப்ரிட்ஜ் இல்லாம, பாக்கெட் தீனி இல்லாம, நல்ல சாப்பாடு போட்டு உன் புருஷனைப் பத்திரமா கூட்டிட்டு வர்றேன்" என்று தம்பி மனைவியிடம் அடித்துச் சொல்லிவிட்டாள்.

தம்பி மனைவி ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறவள். லேசில் மசிகிற ஆளா? போன தடவை நண்பர்களோடு மலையேறப் போன தம்பி, ஊசிப்போன கோழிக்கறியைத் தின்றுவிட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் கண்ணைத் திறந்தான். அன்றிலிருந்து அவனுடைய முதுகுப்பை அலமாரி மேலேயே கிடக்கிறது. அதை அண்ணாந்து பார்த்துப் பார்த்து அவன் முகமே வாடிவிட்டது. அக்காவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"சரி அண்ணி. சாப்பாட்டை இங்கயே கட்டுங்க. நாலு நாள் சூட்டுல கிடக்கட்டும். அப்புறம் நான் பிரிச்சுப் பார்ப்பேன். ஒண்ணு கெட்டிருந்தாலும் பயணம் கிடையாது" என்றாள் தம்பி மனைவி.

"என் பஸ்ஸுல எஞ்சின் பக்கத்துலயே வைக்கிறேன், போதுமா?"

தம்பி வீட்டுக் கூடத்திலேயே கடையை விரித்தாள் அக்கா. முட்டைக்கோஸையும் கேரட்டையும் வெட்டவில்லை, கழுவக்கூட இல்லை. மண்ணைத் தட்டித் துணியில் சுற்றினாள். வறுத்த கடலை, பாதாம், பேரீச்சம்பழம், ஓட்ஸ், எலுமிச்சை. பச்சைப்பயறைப் பார்த்து, "வேகவைக்க கேஸ் எங்க இருக்கும்?" என்று மடக்கினாள் தம்பி மனைவி. "எதுக்கு வேகணும்? பாட்டில்ல ஊறப்போட்டுத் தண்ணிய வடிச்சுப் பையில தொங்கவிட்டா, நாம நடக்க நடக்க அது பாட்டுக்கு முளைச்சுக்கும்" என்றாள் அக்கா. கை கழுவி வந்து பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

நாலு நாளும் பை எஞ்சினோடு சேர்ந்து வெந்தது.

பிரிக்கிற அன்று தம்பி பைக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டான். மனைவி ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தாள், அழுத்தினாள். கேரட் கொஞ்சம் துவண்டிருந்தது, அவ்வளவுதான். அக்கா காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடியில் ஒரு டப்பா வந்தது. மூடியைச் சுற்றி டேப், மூடியோ உப்பிப்போய்.

"இது நான் வச்சதில்லையே" என்றாள் அக்கா.

மனைவி டேப்பைப் பிரித்தாள். குப்பென்று நாற்றம். உள்ளே அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு. அக்கா கை கழுவப் போனபோது அவளே பையில் வைத்தது. லேபில் சாம்பிளை மூடுகிற பழக்கத்தில், ஆவி பறக்கப் பறக்க இறுக்கி மூடியிருந்தாள். வேர்த்துப் புளித்துப்போயிருந்தது.

"போச்சு" என்றான் தம்பி.

அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. "எங்க பயணத்தைக் கெடுக்கணும்னே வச்சியா?"

"ஐயோ, இல்ல அண்ணி." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அவருக்குப் பிடிக்கும். இதுவும் தாங்குதான்னு பார்த்தேன். தாங்கினா காட்டுக்கும் குடுத்துவிடலாம்னுதான்."

அக்காவின் கோபம் போன இடம் தெரியவில்லை. போகாதே என்று மல்லுக்கு நின்றவள், வழிக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"உங்க பை கெடல. கெட்டது என் டப்பா. போயிட்டு வாங்க" என்றாள் தம்பி மனைவி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"முதல் நாள் மதியத்துக்குப் புதுசா அவிச்ச கிழங்கு வேணும். நல்லா ஆறவிட்டு மூடு" என்றாள் அக்கா.

தம்பி ஸ்டூலைப் போட்டு ஏறி, அலமாரி மேலே கிடந்த முதுகுப்பையை இறக்கினான்.