புனிதாவுக்கு வந்த மேனேஜர் பதவி

1
இந்தக் கதை எங்கள் வீட்டுச் சாமி மேடையில் கிடைத்தது. போன வெள்ளிக்கிழமை படங்களைத் துடைத்தபோது முருகர் படத்துக்குப் பின்னால் ஒரு கடிதம். என் மனைவி லோகேஸ்வரிக்கு, அவள் வேலை செய்யும் கிள்ளான் நகரக் கையுறைத் தொழிற்சாலையில், மேனேஜர் பதவி. பதினைந்தாம் தேதிக்குள் கையெழுத்திட்டுத் தர வேண்டும். நல்ல சேதி உறுதியாகும்வரை எங்கள் பக்கம் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள், கண் பட்டுவிடும். அதற்காக என் கண்ணுமா படும்? கோபம் வந்தது. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

2
‘வெற்றியைக் கண்டு பெண்கள் அஞ்சுவது ஏனெனில்...’

சேச்சே, கட்டுரைப் போட்டி வாடை. அடித்தாயிற்று. (பெண்கள் மட்டுமா அஞ்சுகிறார்கள்? இருங்கள், வருகிறேன்.)

3
மறுநாள் சாப்பிடும்போது அவளே ஆரம்பித்தாள்.

“எங்க செக்‌ஷன் புனிதாவுக்கு மேனேஜர் போஸ்ட் வந்திருக்குங்க.”

“நல்லதுதானே லா.”

“என்ன நல்லது? இத்தன வருசம் கேண்டீன்ல ஒண்ணா சாப்பிட்டவளுங்க, நாளைக்கு இவ மேனேஜரா போனா பேச்ச நிறுத்திடுவாளுங்க. வீட்டுக்காரரும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா?”

(கதை எழுதுகிறவனிடமே கதை விடுகிறாள். புனிதாவுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.)

“அப்ப வேணாம்னு சொல்லச் சொல்லு,” என்றேன்.

அவள் எனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். “சரிங்க,” என்றாள்.

4
‘வேணாம்னு சொல்லச் சொல்லு’ என்ற அந்த வசனத்தை வேறு யார் வாயிலாவது போட்டுவிடலாம் என்று பார்த்தேன். மாமியார், பக்கத்து வீட்டு அங்கிள்... யாருக்கும் ஒட்டவில்லை. சொன்னவன் நான்தான். பள்ளி வேன் ஓட்டுகிறவன், ஞாயிறு பத்திரிகைக்குக் கதை எழுதுகிறவன். அவள் பதவியில் மேலே போய்விட்டால், என் மொக்கை ஜோக்குக்கு இப்போதுபோல விழுந்து விழுந்து சிரிப்பாளா? இவ்வளவுதான் என் பயம். வெட்கமாக இருக்கிறது. எட்டு வருடமாக ஒரு நாவலை முடிக்காமல் வைத்திருக்கிறேனே, முடித்து அது நன்றாக இருந்து தொலைத்தால் அடுத்ததையும் அப்படியே எழுதச் சொல்வார்களே என்று பயந்து, அதுவும் இந்தப் பயத்தின் பங்காளிதான்.

5
முடிவு ஒன்று: அவள் கையெழுத்திடுகிறாள்.
முடிவு இரண்டு: முருகருக்குப் பின்னாலேயே கடிதம் கெடு தாண்டிப்போகிறது, நாங்கள்...

இல்லை. இதை எழுத எனக்கு உரிமையில்லை.

இன்று பதினான்கு. நான் வேனை எடுக்கக் கிளம்புகிறேன். இந்தத் தாள்களை உன் சாப்பாட்டு டப்பா மேல் வைத்திருக்கிறேன், லோகா. புனிதாவிடம் சொல், அந்த யோசனை தப்பு. சொன்னவன் பயந்தாங்கொள்ளி, ஆனால் அவள்மேல் உயிரையே வைத்திருக்கிறான். கையெழுத்துப் போடுவதோ வேண்டாமோ அவள் இஷ்டம், அவனுக்காகப் பயந்து மட்டும் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. கேண்டீனில் பக்கத்தில் யாரும் உட்காராவிட்டால் ஒரு போன் போடச் சொல். வேனோடு வந்துவிடுவான்.