வலது காலின் சூடு

என் ஆராய்ச்சி எதைப் பற்றி என்று கேட்பவர்களிடம் "கால் பெருவிரல்" என்பேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். உடம்புக்குப் பெரிய நெருக்கடி வந்தால் அது ரத்தத்தை இதயத்துக்கும் மூளைக்கும் என்று ஒதுக்கிக்கொள்ளும்; கடைக்கோடியில் கிடக்கும் கால்விரலைத்தான் முதலில் கைவிடும். விரல் சில்லிட்டால் ரத்தம் சரியாக ஓடவில்லை என்று அர்த்தம். சூடு திரும்பினால் ஆள் திரும்புகிறார். எகிப்தின் தன்தா நகரில், நான் நர்ஸாக இருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவில், ஒவ்வொருவருக்கும் வலது பெருவிரலின் சூட்டைப் பார்ப்பேன். அந்த ஒரு விரல்தான் என் கணக்கு.

ஷெஹாத்தா கடைவீதியில் கொண்டைக்கடலை வறுத்து விற்பவர். நுரையீரலில் பிடித்த கிருமி ரத்தத்தில் இறங்கி, நினைவில்லாமல் வந்து சேர்ந்தார். வாயில் குழாய். இடப்பக்கம் மூச்சு இயந்திரம் சுவரோடு சுவராக அடைத்துக்கொண்டு நின்றது. ரத்த அழுத்தம் விழாமல் ஒரு மருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. அவர் மனைவி இன்ஷிராஹ் மதியம் பார்வை நேரத்தில் வருவார். வயதில் மூத்தவர் என்பதால் மரியாதையாக 'ஹாஜ்ஜா' என்றுதான் கூப்பிடுவேன்.

"விரல்ல என்னத்த பாக்கறே, மிஸ்?"

"சூடு இருக்கான்னு பாக்கறேன், ஹாஜ்ஜா. சூடானா நல்ல சேதி."

"சூடானா வீட்டுக்கு அனுப்பிடுவீங்களா?"

எனக்குத் தலைக்கு மேல் வேலை. "அனுப்பாம? இங்க வச்சு ஊறுகாயா போடப்போறோம்?" என்றேன்.

அவர் என் மணிக்கட்டைத் தொட்டார். துள்ளிவிட்டேன், அப்படி ஒரு குளிர்ந்த கை.

"பாத்தியா? காலும் இப்படித்தான். குளிர்காலத்துல அவரு காலோட ஒட்டி வச்சாத்தான் எனக்குத் தூக்கமே வரும். 'செத்த மீனாடி நீ'ன்னு திட்டிட்டுக் காலை இழுத்துக்குவாரு. கொஞ்ச நேரம் போனா அவரே கொண்டுவந்து வைப்பாரு."

மறுநாள் பார்வை நேரம் முடிந்ததும் விரலைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது! அதற்கு அடுத்த நாளும் அப்படியே. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"இன்னிக்கு வார்டுலயே உங்க விரல்தான் நல்ல சேதி, மிஸ் நிஹால்" என்றார் டாக்டர் ராமி. "சாயந்திரம் மருந்தைக் குறைச்சுப் பாப்போம்."

ஆனால் சிறுநீர்ப் பை ஏறக்குறைய காலியாகவே தொங்கியது. ரத்தம் நன்றாக ஓடினால் சிறுநீரும் இறங்க வேண்டுமே; அது உறுத்தியது. இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே உடம்பைச் சுருக்கிக்கொண்டு போய் இடது காலைத் தொட்டேன். பனிக்கட்டி. இரண்டு காலிலும் நாடி ஒரே மாதிரிதான்; ரத்தக்குழாயில் அடைப்பும் இல்லை. ஒரே மனிதருக்கு ஒரு கால் கோடை, ஒரு கால் குளிர்காலமா? மருந்தைத் தொடாதீர்கள் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

மறுநாள் பார்வை நேரத்தில் திரையைச் சட்டென்று விலக்கினேன். இன்ஷிராஹ் முக்காலியில் உட்கார்ந்து, கணவரின் வலது பாதத்தைத் தன் அங்கிக்குள் விட்டு, வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தார். இடது பாதம் அவருக்கு எட்டாது.

"என்ன பண்றீங்க ஹாஜ்ஜா! இந்தக் காலை நம்பி மருந்தைக் குறைச்சிருந்தா ஆளே போயிருப்பாரு!"

அவர் முகம் வெளுத்தது. "நீதானே சொன்னே, சூடானா அனுப்புவோம்னு. என் கை ஆகாது. வயித்துலதான் கொஞ்சம் சூடு இருக்கு. அதைக் கொடுத்தேன்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. என் வாய்த்துடுக்கை நானே நொந்துகொண்டேன்.

"அவரு சூடு அவருகிட்டேருந்து வரணும், ஹாஜ்ஜா. நீங்க கொடுத்தா, உள்ள அவரு படற பாடு எனக்குத் தெரியாமப் போயிடும். நான் சொல்ற வரைக்கும் காலைத் தொடாதீங்க."

தொடவில்லை. தினமும் வந்து, கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கடைக்குக் கடலை மூட்டை போடுகிறவன் ஏமாற்றியது, கூரை ஒழுகுவது என்று எல்லாவற்றையும் சொல்லி அவரைத் திட்டினார். கண் மட்டும் பாதத்தைவிட்டு நகரவில்லை.

ஒரு நாள் காலை, யாரும் வருவதற்கு முன், வலது விரல் வெதுவெதுப்பாக இருந்தது. நம்பவில்லை. சுவர்ப்பக்கம் நுழைந்து போனேன். இடதும் அப்படியே. சிறுநீர்ப் பையும் நிறைந்துகொண்டு வந்தது. டாக்டர் மருந்தைச் சிறுகச் சிறுகக் குறைத்தார். அழுத்தம் விழவில்லை.

மதியம் இன்ஷிராஹ் வந்ததும், "இப்பத் தொடுங்க" என்றேன். இடது காலையும் அவர் பக்கமாக நகர்த்தி வைத்தேன்.

என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "நீ வயித்துல வச்சியா?"

"எனக்கு வேற வேலை இல்லையா? அவரோட சூடுதான்!"

மெல்லக் குனிந்து இரண்டு பாதங்களையும் உள்ளங்கைகளில் ஏந்தினார். சட்டென்று வலது கால் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. மூடிய கண்களுக்கு மேலே ஷெஹாத்தாவின் புருவம் சுளித்தது.

"கோவிச்சுக்கிட்டாரு மிஸ்" என்று இன்ஷிராஹ் அழுதார். "பாரேன், கோவிச்சுக்கிட்டாரு!" கையை மட்டும் எடுக்காமல் அப்படியே விரித்து வைத்திருந்தார்.

கொஞ்ச நேரம் போயிற்று. வலது பாதம் விரிப்பின் மேல் மெதுவாக உராய்ந்துகொண்டு வந்து அந்தக் குளிர்ந்த கையில் தானாகவே படுத்துக்கொண்டது.