உளுவையும் கயிறுக்காரனும்

ஆய்வுப் படகின் ஓரத்தில் கயிறுக்காரன் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் கையிலிருந்த கயிற்றின் மறுமுனை, கடலடியில் இருந்த அவன் அக்கா கணவரின் இடுப்பில் கட்டப்பட்டிருந்தது. உளுவை மீன்களை ஆராய்வது அத்தானின் வேலை. விரல் நீளமே உள்ள அந்த மீன்கள் மணலோடு மணலாகக் கிடப்பவை. அவற்றின் குடித்தனத்தைப் பார்க்க வேண்டுமானால் மனிதன்தான் இறங்கிப் போக வேண்டும்.

கயிறுக்காரனின் வேலை கேட்பதற்குச் சுலபம். கீழிருந்து ஒருமுறை இழுத்தால் நலம் என்று பொருள். இவனும் ஒருமுறை இழுத்துப் பதில் சொல்ல வேண்டும். விடாமல் இழுத்தால் ஆபத்து, உடனே மேலே தூக்க வேண்டும். கயிறு எப்போதும் கையில் இருக்க வேண்டும், படகின் கட்டையில்கூடக் கட்டக் கூடாது. கட்டைக்கு உணர்ச்சி ஏது?

அன்று கடல் சாதுவாக இருந்தது. கைப்பேசியில் விளையாட்டு கடைசிச் சுற்றுக்கு வந்திருந்தது; ஒற்றைக் கையால் ஆடி மாளவில்லை. கொஞ்ச நேரம்தானே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, கயிற்றைப் படகின் கட்டையில் சுற்றிவிட்டான். தலை குனிந்தது. உலகம் மறந்தது.

தலையை நிமிர்த்தியபோது கட்டை கிரீச்சிட்டுக் கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக என்று அவனுக்கே தெரியாது. கயிற்றை அவிழ்த்துக்கொண்டே அவன் போட்ட கூச்சலில் பின்பக்கம் இருந்த படகோட்டி ஓடி வந்தார். இருவரும் உயிரைக் கொடுத்து இழுத்தார்கள். யாரோ கடலில் விட்டுப்போன பழைய வலை காலைச் சுற்றியிருக்க, நீலம் பாரித்த முகத்தோடு அத்தான் மேலே வந்தார்.

"நல்லவேளை தம்பி, நீ பார்த்தே. இல்லேன்னா ஆளே போயிருப்பாரு" என்றார் படகோட்டி. கயிறுக்காரன் கைப்பேசியைச் சட்டைப்பையில் ஒளித்தான்.

மருத்துவமனையில் அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "உன்னாலதான்டா அவரு உசுரோட இருக்காரு." அவனுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. திட்டினால்கூடத் தாங்கியிருப்பான். பாராட்டைத் தாங்க முடியவில்லை.

மறுநாள், அக்கா இன்னும் அவன் கையைப் பிடித்தபடி கட்டிலருகே உட்கார்ந்திருக்க, அத்தானுக்குப் பேச்சு வந்தது. ஆள் பிழைத்ததே பெரிது, அவர் மீன் புராணத்தை ஆரம்பித்துவிட்டார்.

"மச்சான், கீழே ஒரு ஜோடியைப் பார்த்தேன். ஒரு இறாலு, ஒரு உளுவை, ரெண்டுக்கும் ஒரே வளை. இறாலுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. அதுதான் வளை தோண்டும். உளுவை வாசல்ல காவல். இறாலு மண்ணைத் தள்ள வெளியே வந்தா, மீசையை மீன் மேலேயே வச்சிருக்கும். ஆபத்துன்னா மீன் வாலை ஒரு உதறு உதறும். அவ்வளவுதான், ரெண்டும் உள்ளே!"

சிரித்தவருக்கு இருமல் வந்தது. அடங்கியதும் சொன்னார்: "நான் எத்தனை தடவை இழுத்தேன் தெரியுமா? கயிறு நடுவுல பாறையில மாட்டியிருக்கும்போல. உன் கைக்கு வரலை. பரவாயில்ல, அடுத்த தடவையும் நீ இருந்தாப் போதும், தைரியமா இறங்குவேன்."

தப்பிக்க வழி தானாகத் திறந்திருந்தது. ஆமாம் என்று தலையாட்டினால் போதும். ஆனால் இந்த மனிதர் இவனை நம்பி மறுபடி இறங்கப்போகிறாரே.

"பாறையில மாட்டலை அத்தான். நான்தான் கட்டையில கட்டிட்டு கேம் ஆடிட்டிருந்தேன்."

அக்காவின் கை அவன் கையை விட்டு மெல்ல விலகியது. அவள் கத்தவில்லை.

"ஜெயிச்சியாடா?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். "இனிமே நான் கயிறு பிடிக்க மாட்டேன்க்கா."

"அதை நீ முடிவு பண்ணாதே, இறங்குறவன் நான்" என்றார் அத்தான். குரலில் கோபமில்லை, அதுதான் அவனை இன்னும் வதைத்தது. "என்னைத் தூக்குற பலம் உனக்கு இருக்கு மச்சான். ஆனா எனக்கு வேண்டியிருந்தது உன் கவனம். ஒருத்தன் தன் உசுரை உன்கிட்ட நம்பிக் குடுத்திருக்கான்னா, அந்த நேரம் உன்னோடது இல்ல. அவனோடது."